இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர்

புதுச்சேரியில் வாய்க்காலுக்கு மேற்கே இருக்கிற எங்கள் தெருவில் வீட்டுக்கும் வீட்டுக்கும் இடைவெளி கிடையாது. நடுவில் ஒரே சுவர். இரண்டு பக்கத்து உத்திரங்களும் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டிலிருந்து "நூறாயுசு" என்று குரல் வரும். வாசலில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் வெளியூர்க்காரர்களுக்கு இதெல்லாம் தெரியாது. எடுத்துவிட்டுப் போகட்டும். ரகசியமாக வாழ நினைப்பவர்கள் ஊருக்கு வெளியே மனை வாங்கிக்கொள்ளலாம். எனக்கு இந்தத் தெருதான் சரி.

அடுத்த வீட்டு அக்கா பிரான்ஸில் குடியேறியவள். பொங்கலை ஒட்டி வருவாள். மற்ற நாளெல்லாம் சாவி என்னிடம். போன முறை வந்தவள், காபி ஆறுவதற்குள் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். வீட்டை விற்கப்போகிறாளாம். வாங்குகிறவர் இடித்துவிட்டு ஓட்டல் கட்டுவாராம்.

"சுவரு?" என்றேன்.

"என் பாதியத்தான்டி இடிப்பாங்க. உனக்கு ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லிட்டாங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அந்தச் சுவர் போனால் என் மாடி தெருவில்தான் கிடக்கும். கத்தித் தீர்த்தேன். இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. அந்தப் பக்கம் அவள் இருமுவது கேட்டது. வெந்நீர் வைத்துக் கொடுக்கக் கை பரபரத்தது, கொடுக்கவில்லை.

மூன்றாம் நாள் வாங்குகிறவரும் இன்ஜினியரும் வந்தார்கள். நானும் அழைக்காமலே போய் நின்றேன். அக்கா வீட்டு மாடியறையில் காரையைக் கொஞ்சம் பெயர்த்ததும் ஒரு மரத்தின் நுனி தெரிந்தது. என் வீட்டு உத்திரம். சுவரின் பாதியைத் தாண்டி வந்து படுத்திருந்தது.

இன்ஜினியர் தலையை ஆட்டினார். "இதுல பாதின்னு ஒண்ணு இல்ல மேடம். கை வெச்சா அந்த வீடு இறங்கிடும்."

"அது அவங்க சைடு பிரச்சினை, பாத்துக்கலாம்" என்றார் வாங்க வந்தவர்.

அக்காவுக்குக் கோபம் வந்தால் பிரெஞ்சுதான் வரும். "நோன்!" என்றாள். "நான் விக்கல. நீங்க கெளம்புங்க."

ஜெயித்துவிட்டேன் என்று நிமிர்ந்து நிற்க வேண்டியவள் நான். அவர்கள் படியிறங்கியதும் அவள் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதேன்.

"மெதுவாடி" என்று முதுகைத் தட்டினாள். "பக்கத்து வீட்டுக்குக் கேக்கப்போவுது."

"பக்கத்து வீடே நான்தானேக்கா" என்றேன்.