ஒரு பக்கம் அகலமான அட்டை

கீழக்கரையில் பெண்கள் பள்ளியில் ஆசிரியையாக இருந்தபோது, என் சம்பளத்தில் நான் முதலில் வாங்கிய உருப்படியான பொருள் ஒரு பெட்டிக் கேமரா. அந்தக் காசுக்கு ஒரு ஜோடி வளையல் வாங்கியிருக்கலாமே என்று என் அம்மா கடைசிவரை அங்கலாய்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அதில் ஒருநாளும் வருத்தம் இருந்ததில்லை. வளையலைக் கையில்தான் போட்டுக்கொள்ள முடியும். படத்தைச் சுவரில் மாட்டி நாள் பூராவும் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

மாட்டுவதில்தான் சிக்கல். ராமநாதபுரத்தில் சட்டம் போடும் கடைக்காரருக்குத் தெரிந்ததெல்லாம் சாமி படமும் செத்தவர் படமும்தான். கண்ணாடியைப் படத்தின் மேலேயே வைத்து அழுத்தி, சுற்றிப் பூப்போட்ட தகடு அடித்துக் கொடுத்துவிடுவார். உப்புக்காற்றில் ஒரு மழைக்காலம் போவதற்குள் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. வத்தைத் தோணிகள் கரையேறி நிற்கும் நல்ல படம் ஒன்று அப்படித்தான் பாழானது. கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டேன். "காத்து அடிச்சா நான் என்னம்மா செய்ய?" என்றார். போய்யா நீயும் உன் தகடும் என்று அன்றே நானே செய்யத் தொடங்கினேன்.

படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு தடித்த அட்டை வேண்டும். அதில் படம் தெரியுமளவுக்கு ஒரு ஜன்னல் வெட்ட வேண்டும். சூட்சுமம் அவ்வளவுதான். ஜவுளிக்கடைப் பெட்டியின் அட்டை, சவர பிளேடு, மைதாப் பசை. பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் ஒரு துளி மயில்துத்தம். சட்டத்துக்கு, வத்தை கட்டும் ஆசாரியிடம் மிஞ்சிய தேக்குச் சிம்புகள். முதலில் வெட்டிய ஜன்னல்கள் எல்லாம் கோணல். நான்கு மூலைகளும் நான்கு திசை பார்த்தன. பிறகு கை படிந்துவிட்டது. வேலையில் கர்வமும் வந்துவிட்டது, அதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்!

நான் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் வீட்டை ஒட்டிய அறையில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்கார உம்மா நல்ல மனுஷி, மீன் ஆணம் வைத்தால் எனக்கு ஒரு கிண்ணம் வராமல் இருக்காது. ஆனால் என் அறைக்குள் வந்தால் முதல் வேலையாகச் சுவரைத்தான் பார்ப்பார்.

"டீச்சர் பிள்ளை, இதுல உசுரு உள்ளது எதுவும் இல்லையே?"

"இல்லை உம்மா. கடலும் தோணியும்தான்."

"அப்ப சரி. உருவம் மாட்டுன வீட்டுக்கு மலக்குமார் வர மாட்டாக."

ஆடு, ஆள், காக்கை எல்லாம் இருந்த படங்களை நான் பெட்டிக்குள் வைத்திருந்தேன். அவர் வீட்டுக்கு வரும் வானவரைத் தடுக்க எனக்கு ஏது உரிமை?

உம்மாவின் மூத்த மகன் கொழும்பில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். அவர் அனுப்பிய பணத்தில்தான் அந்த வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். கட்டிய வீட்டை அவர் பார்த்ததில்லை. பார்க்காதது வீட்டை மட்டுமல்ல. மனைவி முழுகாமல் இருந்தபோது கப்பலேறியவர். மகளுக்கு இப்போது மூன்று வயது. இலங்கையில் விசாச் சட்டங்கள் இறுகிப்போன சமயம். ஊருக்கு வந்தால் திரும்பக் கடைக்குப் போக முடியுமோ முடியாதோ என்று வருகையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார்.

ஒருநாள் உம்மாவே கேட்டார்: "வீட்டைப் படம் பிடிச்சுச் சட்டம் போட்டுத் தாங்க. சின்னவன் கொழும்புக்குப் போறான், அண்ணனுக்குக் கொண்டுபோகட்டும். கடையில மாட்டிக்கிடுவான்."

அன்று சாயங்காலமே மருமகள் என் அறைக்கு வந்தாள். அதிகம் பேசாத பெண். கதவைச் சாத்திவிட்டு, "டீச்சர், பிள்ளைக்கு அப்படியே அவுக மூக்கு. அவுகளுக்கு அதைக் காட்டணும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பெண்களைப் படம் பிடித்து அனுப்புவது அந்த வீட்டில் நினைத்துப் பார்க்க முடியாத காரியம். அதுவும் கடையில், கண்டவர்கள் பார்க்கும் இடத்தில். இரண்டு நாள் யோசித்தேன். வழியை அட்டைதான் காட்டியது. ஜன்னலுக்கு வெளியே இருப்பதை அட்டை மூடிவிடும் அல்லவா?

உம்மா அஸர் தொழுகையில் இருந்த நேரம், மேற்கு வெயில் முகப்பில் விழுந்துகொண்டிருந்தது. வீடு முழுவதும் தெரிய நான் தெருவில் நின்றேன். படத்தின் இடது ஓரத்தில், மதில் சுவரை ஒட்டி, அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். முக்காட்டை நெற்றிவரை தள்ளிவிட்டுக்கொண்டாள். ஒரே ஒரு சொடுக்கு. உள்ளே ஓடிவிட்டாள்.

நம் ஊர்க்காரர் யார் கண்ணிலும் படக்கூடாது என்று மதுரையில் கொடுத்துப் பெரிதாகப் போட்டு வாங்கினேன். வீடு மட்டும் தெரியும்படி ஜன்னலை வெட்டினேன். இடப்பக்கம் அட்டை நாலு விரல் அகலம், வலப்பக்கம் ஒரு விரல்தான். வலப்பக்கமும் அகலம் விட்டால் வீடு பாதியாகிவிடும். இப்படி ஒரு கோணல் வேலையை என் கையால் செய்கிறேனே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. உம்மாவின் கண்ணுக்கும் அது தப்பவில்லை.

"இந்தப் பக்கம் என்ன இம்புட்டு அகலம்?"

"பட்டணத்தில் இப்போ இதுதான் பேஷன், உம்மா."

"என்ன பேஷனோ!" என்று அவர் மோவாயில் கை வைத்துக்கொண்டார். கதவுக்குப் பின்னால் மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

சின்னவர் தனுஷ்கோடியில் கப்பலேறிப் போனார். தங்கம் இருக்கிறதா என்று சுங்கத்தில் சட்டத்தைப் பிரித்துவிடுவார்களோ என்று இரண்டு பேரும் பயந்துகொண்டிருந்தோம். அவர் திரும்பி வந்து, அண்ணன் அந்தப் படத்தைக் கடையில் கல்லாவுக்கு மேலே மாட்டிவிட்டார் என்று மட்டும் சொன்னார்.

கொழும்பில் இருப்பவர் அட்டைக்கு அடியில் பார்த்தாரா, இல்லையா? அதைத் தெரிந்துகொள்ள வழியில்லை. அந்த வீட்டுக் கடிதம் எல்லாருக்கும் பொது. போவதும் வருவதும் உம்மாவுக்கு முன்னால் உரக்க வாசிக்கப்படும். நான் எழுதுவதென்றால், அடுத்த வீட்டு ஆணுக்கு ஒரு டீச்சரம்மா கடிதம் போடுகிறாளாமே என்று ஊரே சிரிக்கும். மருமகள் ஒருமுறை, "வீட்டுப் படத்தை முன்னே பின்னே நன்றாகத் துடைத்து வைக்கவும்" என்று எழுதச் சொன்னாள். பதில் வந்தது: "படம் நன்றாக இருக்கிறது. மாடியில் மழைத்தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளவும்."

"மழைத்தண்ணியாமே, டீச்சர்!" என்று என்னிடம் வந்து அழுதாள். எனக்கு அந்த மனிதர் மேல் ஆத்திரமாக வந்தது. கண் இருந்தும் என்ன பிரயோசனம் என்று திட்டினேன். வருஷங்கள் போயின. பிள்ளை என் வகுப்புக்கே படிக்க வந்தது. மருமகள் படத்தைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டாள். நிறுத்தியதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

கடையை விற்றுவிட்டு அவர் ஊருக்கு வந்தபோது மகளுக்குப் பத்து வயது. வந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, அந்தப் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார். மனைவி என் அறைக்குள்தான் இருந்தாள். எனக்கு வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் அவளைக் கவனிக்கவில்லை.

"டீச்சர், கோவிச்சுக்கிறாதீங்க. நீங்க செஞ்ச சட்டம் சரியில்லை. பின்பலகை நிக்கவே மாட்டேங்குது."

எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. இத்தனை வருஷம் கழித்துச் சொல்ல வந்தது இதுதானா? தேக்கில் செய்த சட்டத்தைக் குறை சொல்ல இவர் யார்? "கொடுங்க இப்படி" என்று வாங்கித் திருப்பினேன்.

பின்பக்கம் நாலு சிம்பிலும் ஆணிக்குழிகள். ஒன்றின் மேல் ஒன்றாக, மரமே தெரியாத அளவுக்கு. பிடி விட்டுப்போன குழிகளில் தீக்குச்சிகளைச் செருகி மறுபடி ஆணி அடித்திருந்தது. அதுவும் தளர்ந்து, வேறு இடம் பார்த்து அடித்திருந்தது. பலகை கையோடு வந்தது. உள்ளே படத்தில் வீடு இருந்த இடம் புதிது மாதிரியே இருந்தது. இடது ஓரம் மட்டும் விரல் பட்டுப் பட்டு மங்கிக் கிடந்தது.

நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஜவுளிக்காரனுக்கு ஒரு பக்கம் அகலமா விட்டா சந்தேகம் வராதா, டீச்சர்?" என்றார். பிறகு, "வெள்ளிக்கிழமை கடை அடைப்பு. வேற என்ன சோலி எனக்கு?" என்றார்.

உள்ளே கத்தி கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது. அவள் எழுந்து வந்து என் கையிலிருந்து சட்டத்தை வாங்கினாள். படத்தை அவள் பார்க்கவில்லை. அந்தக் குழிகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டே போனாள். கண்ணீர் அதன் போக்கில் வழிந்துகொண்டிருந்தது.

"நல்ல மரத்தைப் போட்டு இப்படியா கொல்லுவாக?" என்று புருஷனைப் பார்த்துச் சண்டைக்குப் போனாள்.