முழங்கால் வலியும் ஒரு வாக்கும்

நான் ஒரு சட்டமன்ற உறுப்பினருக்குப் பதினாறு வருடம் கார் ஓட்டியவன். சட்டமன்றத்தில் சார் பேசியதைவிட, எதிர்ச்சாரியில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து போனில் பேசியதுதான் அதிகம். சட்டமன்றக் கட்டடத்துக்குள் இருந்து தேர்தல் நிதி கேட்கக் கூடாதாம். சாலையைக் கடந்துவிட்டால் கேட்கலாமாம். நல்ல கூத்து!

அந்த அறையை நடத்தியவள் சீட்டக்கா. நன்கொடை தருபவர் ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு எழுதுவாள். அவர் பிள்ளை எங்கே படிக்கிறது, போன தடவை என்ன பேசினார், எல்லாம் அதில் இருக்கும். அன்றைக்குத் தட்டில் அடுக்கிய சீட்டுக்காரர் எல்லோரிடமும் பேசித் தீராமல் சார் எழுந்திருக்கக் கூடாது. கட்சி போட்ட விதி, காவல் அவள்.

அக்காவுக்கு என்று இருந்தது ஒரே தங்கச்சி. தாய் தகப்பன் போனபின் இவள்தான் தலைவாரிவிட்டு, படிக்கவைத்து ஆளாக்கினாள். தங்கச்சிக்குத் துணி தைக்கும் தொழிற்சாலையில் வேலை. "வெளிய இருந்து பூட்டிடுறாங்கக்கா. ஏதாவது ஆச்சுன்னா எங்க ஓடுறது?" என்று அவள் சொன்னதிலிருந்து அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த நேரம் பார்த்து, தொழிற்சாலைக் கதவுகளைப் பூட்டக் கூடாது என்ற மசோதா சார் இருந்த குழுவுக்கு வந்தது. "உன் தங்கச்சிக்காகவாவது கை தூக்குறேம்மா" என்றார் சார். மனசாரத்தான் சொன்னார், நான் பொய் சொல்ல மாட்டேன்.

வாக்கெடுப்பு காலை பதினொரு மணிக்கு. பத்தரைக்குத் தட்டில் ஒரே சீட்டு மிச்சம். சிமெண்ட் வியாபாரி. இரண்டு நிமிடத்தில் சரி சொல்லி போனை வைத்துவிடுகிற மனுஷர் என்றுதான் அக்கா அவரைக் கடைசியில் வைத்திருந்தாள். அன்றைக்கென்று பார்த்து அவர் முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டில் படுத்திருந்தார். ஆரம்பித்தார் பாருங்கள்! எந்த டாக்டர், எத்தனை தையல், ராத்திரி எந்தப் பக்கம் படுப்பது... மசோதாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "அடடா, அப்புறம்?" என்று சார் கேட்டுக்கொண்டே இருந்தார். அக்கா எதிரே நின்று கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டினாள். சார் விரலைத் தூக்கி, இரு என்றார். நான் மூன்று தடவை மாடியேறிப் பார்த்துவிட்டேன்.

"போனைப் பிடுங்குக்கா!"

"சீட்டு முடியலையே தம்பி" என்றாள், அழாத குறையாக.

நாங்கள் சாலையைக் கடந்தபோது பதினொன்றேகால். ஒரே ஒரு வாக்கு குறைந்து மசோதா தோற்றிருந்தது.

ஏழு வாரம் கழித்து அந்தத் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. கதவு பூட்டியே இருந்தது. தங்கச்சியை அடையாளம் காட்ட அக்காவை நான்தான் அழைத்துப் போனேன். செருப்பை வைத்துத்தான் சொன்னாள். இவள் வாங்கிக்கொடுத்த செருப்பு.

இரண்டு வாரம் கழித்து வேலைக்கு வந்தாள். சார் எழுந்து நின்று கண் கலங்கினார். அக்கா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அன்னிக்கு அந்த போனை நீங்க கீழ வச்சிருக்கலாமே சார்?"

அவருக்குக் கோபம்கூட வரவில்லை. "நீதானேம்மா சீட்டு வச்சே" என்றார்.

அடப்பாவி மனுஷா! எனக்குக் கை பரபரத்தது. அக்கா தன் நாற்காலியில் உட்கார்ந்து அன்றைய சீட்டுகளை எழுத ஆரம்பித்தாள். சிமெண்ட் வியாபாரியின் சீட்டில், 'முழங்கால் எப்படி இருக்கிறது என்று விசாரிக்கவும்' என்று எழுதியவள், அதன் மேலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.