ஓட்டை தள்ளி இருந்த ஷாஃப்ட்

நட்டு என்று கூப்பிட்டால்தான் அந்த மெக்கானிக் திரும்பிப் பார்ப்பார். கைராசிக்காரர் என்று பேர். அந்தப் பேர்தான் தலைக்கு ஏறிவிட்டது, வேறென்ன!

அவருடைய தங்கை புருஷனின் வேனில் கேம்ஷாஃப்ட் தேய்ந்துவிட்டது. வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு அது. அதே வருஷத்து ஷாஃப்ட் வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். காயலான் கடையில் மூன்று வருஷம் முந்தைய மாடல் இன்ஜினிலிருந்து ஒன்று கிடைத்தது. நீளம் சரி, பருமன் சரி. எண்ணெய் போகும் ஓட்டை மட்டும் நகக்கண் அளவு தள்ளி இருந்தது. நட்டு அதைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். "ஓடும் போ" என்று மாட்டிவிட்டார்.

ஓடியது, பதினாறு நாள். பதினேழாம் நாள் நடுரோட்டில் இன்ஜின் இறுகி நின்றது.

ஷெட்டில் தனியாகப் பிரித்துப் பார்த்தார். அடியில் எண்ணெய் நிறைய இருந்தது. ஷாஃப்ட் மட்டும் காய்ந்து கருகிக் கிடந்தது. எண்ணெயை வடித்துவிட்டு வெளியே வந்தார்.

"என்ன மச்சான் ஆச்சு?"

"எண்ணெய் இல்லாம பிடிச்சுக்கிச்சு மாப்ளே."

மாப்பிள்ளை முகம் வெளுத்தது. தினமும் குச்சியை உருவித் துடைத்து எண்ணெய் பார்க்காமல் வண்டி எடுக்காத மனுஷன். "காலையில பார்த்தேனே... பார்த்தேனா?" அவருடைய அப்பா ஐம்பது வயதில் வீட்டுக்கு வழி மறந்தவர். கடைசியில் பெற்ற பிள்ளையையே யாரென்று கேட்டவர். மாப்பிள்ளைக்கு இப்போது நாற்பத்தொன்பது.

நட்டு சரியான ஷாஃப்ட் வாங்கிப் போட்டு, கூலி வாங்காமல் கட்டிக் கொடுத்தார். "எங்கண்ணன் மாதிரி யாருக்கு வரும்!" என்று தங்கை தெருவெல்லாம் பெருமை பேசினாள். நட்டுவுக்குச் சோறு இறங்கவில்லை. சீ, நானெல்லாம் ஒரு மனுஷனா!

மாப்பிள்ளை வேனைத் தொடவேயில்லை. அடுப்பை அணைத்தோமா என்று மூன்று தடவை எழுந்து போய்ப் பார்த்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறுகிற வண்டி, மறதிக்காரன் கையில் வேண்டாம் என்று விற்கவும் பேசிவிட்டார். வாங்குகிறவர் வரவேண்டிய காலையில் நட்டு போய் நின்றார், கையில் அந்தக் கருகிய ஷாஃப்ட்.

"மாப்ளே, தப்பு என்னோடது. ஓட்டை தள்ளி இருந்துச்சு. தெரிஞ்சேதான் போட்டேன். வண்டியில எண்ணெய் நிறைய இருந்துச்சு."

"அடப்பாவி அண்ணே!" என்று தங்கை கத்தினாள். நாலு அறை விழட்டும் என்று நட்டு தலைகுனிந்து நின்றார். எதுவும் விழவில்லை.

"அப்போ நான் மறக்கலையா மச்சான்?"

"இல்ல மாப்ளே. நீங்க மறக்கல."

மாப்பிள்ளை அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்றார்.