தாவூது நபி, தாவீது ராஜா, நடுவில் நான்

பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்ற எவனையும் காலை நடைக்குச் சேர்த்துக்கொள்ளக் கூடாது. அவனை விட்டு வகுப்பறை போய்விடும், வாய் போகாது. என்னை வைத்துத்தான் சொல்கிறேன்.

நாங்கள் மூன்று பேர். செங்கம் சாலையில் கிளம்பி, கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை வரை நடப்போம். அங்கே டீ குடித்துவிட்டு ஷேர் ஆட்டோவில் திரும்புவோம். ஒருவர் தேரடி வீதியில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் பாய். இன்னொருவர் மின்சார இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற இன்ஜினியர், சர்ச்சில் பாடகர் குழுவில் பாடுகிறவர். அவர்கள் இருவருக்கும் பல வருடப் பழக்கம். சர்க்கரை ஏறிவிட்டது என்று டாக்டர் விரட்டியதால் இடையில் போய் ஒட்டிக்கொண்டவன் நான்.

ஒருநாள் காலை இன்ஜினியர் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். என்ன பாட்டு என்று கேட்டேன்.

“தாவீது ராஜா பாடினது சார். தப்பு பண்ணிட்டு அழுது பாடினது.”

“ராஜா என்ன தப்பு பண்ணாரு?”

அவர் சொன்னார். ராஜா மாடியிலிருந்து அடுத்தவன் மனைவியைப் பார்த்தது, ஆசைப்பட்டது, அவள் புருஷனைச் சண்டையில் முன்வரிசையில் நிறுத்திச் சாகவிட்டது, ஒரு தீர்க்கதரிசி வந்து முகத்துக்கு நேராகக் குற்றம் சொன்னது, ராஜா உடைந்துபோய் அழுதது. நடுவில் பாய் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார். சரியாக இருந்த வாரைத்தான் சரிசெய்தார். ஒரு சாதாரண மனிதனுக்கு அது போதும். எனக்குப் போதவில்லை.

“பாய், உங்க தாவூது நபியும் இவரும் ஒரே ஆளுதானே?”

“ஆளு அதே ஆளுதான் சார். ஆனா எங்க தாவூது நபி அப்படிச் செய்யல. நபின்னா அல்லா பொறுக்கி எடுத்த ஆளு. அவரு போய் அதைச் செய்வாரா?”

“எழுதியிருக்கே பாய்” என்றார் இன்ஜினியர்.

“உங்களதுல எழுதியிருக்கு.”

அவ்வளவுதான் பேச்சு. அதற்குள் டீக்கடை வந்துவிட்டது. பாய் எல்லோருக்கும் சர்க்கரை கம்மியாகச் சொன்னார். ஆனால் என் தலைக்குள் மணி அடித்து வகுப்பு தொடங்கிவிட்டது. ஒரே ஆள், இரண்டு கதை! ‘வேறுபடுத்துக’ என்று கேள்வித்தாளில் வருமே, அது மாதிரி.

தீர்க்கதரிசி என்றால் நடக்கப்போவதை முன்கூட்டிச் சொல்கிறவர், அதாவது கொஞ்சம் பெரிய இடத்து ஜோசியர் என்பதுதான் அதுவரை நான் வைத்திருந்த அபிப்பிராயம். எங்கள் ஊரில் எதிர்காலம் சொல்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை, அதனால் அந்தப் பதவியைப் பற்றி எனக்குப் பெரிய மரியாதையும் இல்லை. இப்போது திருந்தினேன். ஒரு வாரம் போனில் சொற்பொழிவாகக் கேட்டேன். மனைவி சாப்பிடக் கூப்பிட்டபோது, “இரு, மூசா நபி இன்னும் கடலைத் தாண்டல” என்றேன். சாம்பார் ஆறிப்போனது.

பிறகு நடையில் பாடம் தொடங்கியது. கேட்ட பாவிகள் இரண்டே பேர். ஒருவருக்கு அவர் மார்க்கத்தையும், இன்னொருவருக்கு அவர் வேதத்தையும் நான் விளக்கினேன். இப்போது எழுதும்போது காது சூடாகிறது.

“பாய், உங்க பக்கம் எல்லா நபிமாரும் ஒரே செய்தியைத்தான் கொண்டு வந்தாங்க. கடைசியா வந்தவரோட அது முடிஞ்சு போச்சு. இன்ஜினியர் சார், உங்க பக்கம் தீர்க்கதரிசிங்க எல்லாம், பின்னாடி ஒருத்தர் வராருன்னு கை காட்டினவங்க. கடைசில வந்தவரு தூதரே இல்ல, அனுப்பினவரே வந்துட்டாரு. சரியா?”

இருவரும் தலையாட்டினார்கள். அதை ஆர்வம் என்று எடுத்துக்கொண்டேன். முப்பது பிள்ளைகள் இதே மாதிரி தலையாட்டிவிட்டுப் பரீட்சையில் வெற்றுத்தாள் கொடுத்ததெல்லாம் எனக்கு ஞாபகம் வரவில்லை.

கடைசியில் என் சொந்தக் கண்டுபிடிப்பை அவிழ்த்தேன். “அதாவது, இஸ்லாத்துல நபின்னா பிழையே இல்லாத மாதிரி விடைத்தாள். பார்த்து எழுதிக்கலாம். கிறிஸ்தவத்துல தீர்க்கதரிசின்னா அடிச்சுத் திருத்தி எழுதின பையன் தாளு. வாத்தியாரே வந்து பாஸ் போடணும்.”

பாய் நின்றார். “நபிமாருக்கே மார்க் போட்டுட்டீங்களா சார்?” என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை என்பதை ஆட்டோவில் ஏறிய பிறகுதான் கவனித்தேன்.

மறுநாள் பாய் வரவில்லை. அதற்கடுத்த நாள் இன்ஜினியர் முட்டி வலி என்று போனில் சொன்னார். பிறகு இருவருமே வரவில்லை. தனியாக நடந்தபோது எனக்கு விஷயம் ‘புரிந்தது’. ஒரு கேள்வி கேட்டு இரண்டு நல்ல நண்பர்களைப் பிரித்துவிட்டேன்! நாட்டில் என்னென்னவோ நடக்கிறதே, அதெல்லாம் இப்படி ஒரு முட்டாள் ஆரம்பித்து வைத்ததுதானோ என்று பயந்தேன். பயத்துக்குள்ளேயே ஒரு பெருமையும் இருந்தது. பிரித்தவன்தானே சேர்த்துவைக்கவும் முடியும்? இரண்டு மதத்துக்கும் பொதுவான நபிமார்களை வரிசையாகச் சொல்லி, கடைசியில் கண் கலங்குகிற மாதிரி முடிக்கும் ஒரு பேச்சைத் தயாரித்துக்கொண்டு, சாயந்திரம் பாயின் கடைக்குப் போனேன்.

கண்ணாடி அலமாரிக்குப் பின்னால் இன்ஜினியர் உட்கார்ந்து வெங்காய சமோசா தின்றுகொண்டிருந்தார். முட்டி மடங்கி, நன்றாகவே இருந்தது.

“யோனா ஓடினாரு பாய். கர்த்தர் போன்னு சொன்னா எதிர்ப்பக்கம் கப்பல் ஏறிட்டாரு. இது கீழ்ப்படியாமை இல்லையா?”

“யூனுஸ் நபி அவசரப்பட்டாரு, நான் இல்லங்கல. அவசரம் வேற, பாவம் வேற” என்ற பாய், என்னைப் பார்த்ததும் நிறுத்தினார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“நீங்க... சண்டை போடலயா?” என்றேன்.

“சண்டையா? இதை நாங்க பல வருஷமா பேசறோம் சார்” என்றார் இன்ஜினியர்.

“அப்ப ஏன் நடக்க வரல?”

“நடக்கறோமே. சாயந்திரத்துல, காலேஜ் கிரவுண்டுல.”

என் கையில் ஒரு சமோசாவைக் கொடுத்துவிட்டு பாய் சொன்னார். “தப்பா எடுத்துக்காதீங்க சார். நாங்க பேசினா, நான் நம்பறதை நான் சொல்வேன், அவரு நம்பறதை அவரு சொல்வாரு. நீங்க என்னடான்னா எனக்கே என்னைச் சொல்றீங்க.”

“கொஞ்சம் ஜாஸ்திதான் ஆயிடுச்சு” என்றார் இன்ஜினியர், சமோசாவைப் பார்த்தபடி.

தயாரித்து வந்த பேச்சு சமோசாவோடு உள்ளே போனது. எங்காவது பார்க்க வேண்டுமே என்று அலமாரியைப் பார்த்தேன். அத்தனை கண்ணாடிகளும் என்னையே பார்த்தன.

பிறகு இன்ஜினியரே பேசினார். அந்த ஒரு வாரத்தில் நான் கேட்கவே மறந்ததைச் சொன்னார். “நான் வேலையில இருந்தப்போ குடிச்சு, வீட்டை ரொம்ப அழ வெச்சவன் சார். பாய்க்குத் தெரியும். அவ்வளவு பெரிய ராஜா விழுந்து, அழுது, மறுபடி எழுந்தாருன்னு கேட்டப்பதான் எனக்கும் வழி இருக்குன்னு தோணுச்சு. தாவீது விழலைன்னா எனக்கு யாரு இருக்கா?”

பாய் ஒரு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். “எனக்கு விழாத ஒருத்தர் வேணும். அவரும் விழுந்துட்டா நான் யாரைப் பாத்து நடக்கறது?”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மறுக்கவில்லை. என் நாக்கில் ஒரு தொகுப்புரை துடித்துக்கொண்டு வந்தது. சமோசாவின் மிச்சத்தை வாயில் திணித்து அதை அடைத்தேன். என் ஆசிரியர் வாழ்க்கையின் சிறந்த வகுப்பு அதுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்த வாரம் அவர்கள் காலை நடைக்குத் திரும்பினார்கள். நான் வாயைத் திறக்காமல் அவர்களோடு நடந்தேன். இப்ராஹிம் நபி பலி கொடுக்கப் போனது எந்தப் பிள்ளையை, இஸ்மாயிலையா ஈசாக்கையா என்று விவாதம் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பக்கத்துக் காரணங்களும் எனக்கு அத்துப்படி. வியர்த்தது. அடி அண்ணாமலை நெருங்கியதும் இன்ஜினியர் பரிதாபப்பட்டு, “உங்க பக்கம் எப்படி சார்? தூதர் மாதிரி யாராவது உண்டா?” என்று கேட்டார்.

பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன். அடுத்த வீட்டு நபிமாரையெல்லாம் கரைத்துக் குடித்தவனுக்கு இதற்கு ஒரு வரி கிடைக்கவில்லை. மலையைக் கைகாட்டி, “எங்களுக்கு யாரும் வந்து சொல்லல. இதுதான் நிக்குது” என்று சமாளித்தேன்.

பாய் அண்ணாந்து பார்த்தார். “நல்ல சாமி சார். பேசாம நிக்குது பாருங்க.”

அதைக் கேட்டு இன்ஜினியர் எதற்கு அப்படி விழுந்து விழுந்து சிரித்தார் என்பது டீ வந்து, ஆறி, பாதி குடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.