விடுமுறை வாரத்தில் ஒரு கறியப்பம்

அல்மா ரிக்பியின் மீன் வறுவல் கடைக்குக் காசில்லாமல் வந்து, பொரித்தூள் மட்டும் கேட்டு நிற்கிற பிள்ளைகள் உண்டு. மீன் பொரிக்கும்போது மாவு சிதறி மிதக்குமே, அந்த மொறுமொறுப்பை ஹார்ல்ஷா ஊரில் யாரும் விலைக்கு விற்பதில்லை. கேட்டால் சும்மா அள்ளிக் கொடுப்பார்கள். அல்மா செய்தித்தாளில் அதை அள்ளிப் போடுமுன் வரிசைக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வாள். பிள்ளைகள் வீட்டில் போய்ப் பிரித்தால் அடியில் பாதி மீன் கிடக்கும். மறுநாள் எந்தத் தாயாவது அந்தப் பேச்சை எடுத்தால், "அது சட்டியிலயே ஒடஞ்சது. ஒடஞ்சத யாருக்கு விக்கிறது?" என்று அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவாள். அவள் சட்டியில் மட்டும் மீன் ஏன் அத்தனை உடைகிறது என்று ஊரில் யாரும் கேட்டதில்லை.

அல்மா கடைக்காரியாகப் பிறந்தவள் அல்ல. சின்ன வயதிலேயே நெசவு ஆலைக்குப் போனவள். அவளுக்கு அடுத்த தறியில் நின்றவள் ஐவி. இருவரும் ஒரே சபைக் கோயிலில் ஒரே வரிசையில் நின்று பாடினார்கள். பிறகு அல்மா வறுவல் கடை ரிக்பியைக் கட்டிக்கொண்டு மாட்டுக்கொழுப்புச் சட்டியின் முன்னால் வந்து நின்றாள். ஐவி, நிலக்கரி வண்டி ஓட்டும் கிளெம் டக்வொர்த்துக்கு வாழ்க்கைப்பட்டாள். ரிக்பி கண்ணை மூடிய பிறகும் அல்மா கடையை மூடவில்லை. தினமும் அடுப்பு மூட்டுமுன் ஒரு நிமிடம் கண்ணை மூடித் தலை குனிவாள். யாருக்காக என்று சொன்னதில்லை.

அவள் கடையில் மீனைவிடப் பேர் பெற்றது கறியப்பம். மாட்டிறைச்சியையும் உருளைக்கிழங்கையும் மிளகோடு வேகவைத்து, மாவுக்கிண்ணத்தில் நிரப்பி, மேலே மாவு மூடி போட்டுச் சுடுவது. இங்கிலீஷில் அதற்குப் 'பை' என்று பேர். வெள்ளிக்கிழமை ஆலை விட்டதும் அதற்கு நிற்கிற வரிசை தெருமுனை திரும்பும்.

ஐவிக்கு நோய் வந்தது வசந்தத்தில். கோடையில், ஒரு சனிக்கிழமை, ஆஸ்பத்திரியிலிருந்து அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். கிளெம் அதை நல்ல சேதி என்றே எடுத்துக்கொண்டான். இனி சாப்பிட்டால் தேறிவிடுவாள் என்று நம்பினான். கோழிச்சாறு வைத்தான், முட்டையும் பாலும் சேர்த்துக் காய்ச்சினான், ரொட்டியைப் பாலில் ஊறவைத்துப் பார்த்தான். கரண்டியை வாய்க்குக் கொண்டுபோனால் அவள் முகம் சுவர்ப்பக்கம் திரும்பிவிடும். அவனும் கெஞ்சினான், அதட்டினான், கடைசியில் கட்டிலோரம் உட்கார்ந்து அழுதான். அப்போதுதான் ஐவி வாய் திறந்தாள்.

"அல்மா கடைக் கறியப்பம்னா ஒரு வாய் தின்னுவேன்."

கிளெம் தொப்பியை மாட்டிக்கொண்டு ஓடினான். கடைக்கு மரக்கதவு போட்டிருந்தது. பூட்டைப் பார்த்த பிறகுதான் தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தான். ஒரு புகைபோக்கியிலும் புகை இல்லை. ஆலைகள் எல்லாம் ஒன்றாக நிற்கிற விடுமுறை வாரம் அது. ரொட்டிக்கடை, கறிக்கடை, முடிவெட்டுகிறவன் வரைக்கும் ஊரே பூட்டிக்கொண்டு பிளாக்பூல் கடற்கரைக்குப் போயிருந்தது. தன் பிறந்தநாளை மறந்தாலும் அந்த வாரத்தை மறக்கிறவன் ஹார்ல்ஷாவில் கிடையாது. கிளெம் மறந்திருந்தான். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தே நாளும் கிழமையும் அவனுக்குக் குழம்பிப்போயிருந்தது.

வெறுங்கையோடு போய் அவள் முகத்தைப் பார்க்க அவனுக்கு மனம் வரவில்லை. பக்கத்து ஊருக்கு விடுமுறை வேறு வாரம். அங்கே கடை திறந்திருக்கும். சபைப் போதகர் வீட்டம்மாளை ஐவிக்குத் துணைக்கு வைத்துவிட்டு பஸ் ஏறினான். முதல் கடையில் இறைச்சியைக் கூழாக அரைத்து வைத்திருந்தார்கள். மோந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். இன்னொரு கடையில் மூடி நன்றாகச் சிவந்திருந்தது, உள்ளே கிழங்குதான் நிறைய. மூன்றாவது கடை வரிசையில் நின்றவர்கள் அவன் பேச்சை வைத்தே ஊரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். உங்கள் ஊரில் மாவுக்குப் பஞ்சமா, எங்கள் அப்பத்துக்கு வந்து நிற்கிறாயே என்று ஒருவன் கிண்டல் செய்தான். கிளெம் காசை நீட்டினான். இரண்டு வாங்கி, சூடு ஆறாமலிருக்கக் கோட்டுக்குள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தான்.

ஐவி ஒரு துணுக்கை உதட்டில் வைத்தாள். நல்லாத்தான் இருக்கிறது, ஆனால் அல்மாவோடது இல்லை என்று தட்டைத் தள்ளினாள். மறுநாள் வேறொரு ஊர், வேறொரு அப்பம், அதே பதில். தள்ளி வைத்ததைத் தானாவது தின்னலாமென்று கிளெமுக்குத் தோன்றவில்லை.

புதன்கிழமை பிளாக்பூலுக்கு ரயில் ஏறினான். அல்மாவைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. எல்லாரும் வருஷா வருஷம் அதே விடுதியில், அதே அறையில்தான் தங்குவார்கள். விடுதிக்காரி கடற்கரைப் பக்கம் கை காட்டினாள். அல்மா சாய்வு நாற்காலியில் செருப்பைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் யாரோ விற்ற, ஆறிப்போன பொரித்த மீன்.

"வா கிளெம். இந்த மீனுக்குக் குளிர்காய்ச்சல். போத்திப் படுக்க வைக்கணும், பொரிச்சிருக்காங்க" என்றவள் அவன் முகத்தைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினாள். அவன் சொன்னதை முழுக்கக் கேட்டாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தாள். நம்மூர்க் கறிக்கடை பூட்டியிருக்கும், இங்கேயே இறைச்சி வாங்கிவிடலாம் என்று மட்டும் சொன்னாள்.

அன்று சாயங்காலம் ஊர் வந்ததும் கடைக்கதவைத் திறக்காமல் பின்வழியாகப் போய் அடுப்பை மூட்டினாள். கறியப்பத் தட்டைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டு ஐவியின் அறைக்கு வந்தாள். வாசனை அறை முழுக்கப் பரவியது. ஐவி தலையணையில் கொஞ்சம் நிமிர்ந்தாள். கிளெமுக்கு உயிர் வந்தது.

ஆனால் ஐவி கரண்டியைப் பார்க்கவில்லை, அல்மாவைப் பார்த்தாள். பார்த்து, சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்தாள். நூறு தறி ஒன்றாய் இடிக்கிற இடத்தில் குரல் எடுபடாது. ஆலைப் பெண்கள் உதட்டாலேயே பேசி உதட்டையே படிப்பார்கள். தெருவில் இந்தக் கோடியும் அந்தக் கோடியுமாக நின்று ஒரு குடும்பக் கதையையே பேசி முடிப்பார்கள். கிளெம் ஆலைக்குப் போனவனில்லை. "என்னப் பத்தித்தான பேசுறீங்க" என்று எத்தனையோ முறை சிரித்திருக்கிறான். இப்போது கையில் கரண்டியோடு நின்றான். அல்மாவின் முகம் வெளிறுவதை மட்டும் கண்டான். அவளும் ஏதோ கேட்டாள். ஐவி கண்ணை மூடித் தலையசைத்தாள்.

அல்மா தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அவன் பின்னாலேயே வந்து, சூடு ஆறுகிறதே என்றான்.

"உக்காரு கிளெம். அவளுக்குத் தொண்டையில எறங்காது. இனி தேற வழியில்லன்னு ஆஸ்பத்திரியிலயே அவகிட்ட சொல்லிட்டாங்களாம். உங்கிட்ட சொல்ல வேணாம்னு அவதான் கேட்டுக்கிட்டாளாம்."

"அப்போ உன் கறியப்பம் வேணும்னு ஏன் கேட்டா?"

"கடை பூட்டியிருக்குன்னு அவளுக்குத் தெரியும்ல. இந்த வாரமாவது நீ கெஞ்சாம இருப்பேன்னு பாத்தா. நீ ரயிலேறி என்னையே கூட்டிட்டு வருவேன்னு அவ எங்க கண்டா?"

கிளெம் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். இதைத் தன்னிடம் சொல்லச் சொன்னாளா என்று கேட்டான்.

"சொல்லாதேன்னுதான் சொன்னா. சொல்லலன்னா நீ அவ வாயத் தெறந்து ஊட்டுவ. கர்த்தர் என்ன மன்னிக்கட்டும்."

கோபம் வந்தது அவனுக்கு, யார் மேல் என்று தெரியவில்லை. எழுந்து கொல்லைப்பக்கம் போய் நின்றான். திரும்பி வந்தபோது அல்மா தட்டை அவன் கையில் கொடுத்து, போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து நீ சாப்பிடு என்றாள். எத்தனை நாளாக அவன் வயிறாரத் தின்னவில்லை என்பதையும் ஐவி அவளிடம் சொல்லியிருந்தாள்.

அவன் கட்டிலோரம் உட்கார்ந்தான். கரண்டியை அவள் பக்கம் நீட்டவில்லை. அதைக் கண்டதுமே அல்மா சொல்லிவிட்டாள் என்று ஐவிக்குப் புரிந்துவிட்டது. அல்மாவைப் பார்த்து உதட்டை ஒருமுறை அசைத்தாள். அல்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டாள். கிளெம் ஒரு வாய் எடுத்தான். மென்று விழுங்கினான். தட்டு காலியாகும்வரை ஐவி அவன் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"உப்பு சரியா இருக்கா?" என்றாள் ஐவி.

"ஒரு சிட்டிக தூக்கல்."

"அத என் கடை வரிசையில நின்னு சொல்லு பாப்போம்" என்றாள் அல்மா. ஐவி சிரித்தாள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுநாளாயிருந்தது.

அல்மா பிளாக்பூலுக்குத் திரும்பிப் போகவில்லை. மத்தியானம் வருவாள், ஐவியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். சில நேரம் மெல்லிய குரலில் பாடுவாள். ஐவி உதட்டால் கூடச் சேர்ந்துகொள்வாள். கிளெம் அவர்கள் முன்னாலேயே சாப்பிட்டான். இரவில் இருட்டில் தனியாக முழங்காலிட்டு, என்ன கேட்பது என்று தெரியாமல் கர்த்தரின் பேரை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை ஊர் திரும்பியது. திங்கட்கிழமை விடியலில், ஆலைச் சங்கு ஊதுமுன், ஐவியின் மூச்சு நின்றது.

முந்தின நாள் சாயங்காலம் அல்மா விடைபெறும்போது உதட்டால் பேசவில்லை. கிளெமுக்கும் கேட்கும்படி வாய்விட்டே சொன்னாள்:

"நாளைக்குக் கடை தெறக்கணும்டி. இவன் சாப்பாட்ட நான் பாத்துக்குறேன். நீ தூங்கு."