ரத்தக்காட்டேரி பார்க்கக் கம்பம் போன கதை

1929 தை மாதம். சுருளி அருவியில் குளிக்கப் போகிறேன் என்று வீட்டில் புளுகிவிட்டுக் கம்பத்துக்கு பஸ் ஏறினேன். உண்மையில் என்னைத் தள்ளிக்கொண்டு போனது பொறாமை. தேனி டென்ட் கொட்டகையில், ஊமைப் படத்துக்குத் திரையோரம் நின்று கதை சொல்வது என் பிழைப்பு. வெள்ளைக்காரர்கள் எடுத்த ரத்தக்காட்டேரி படம் ஒன்று முதலில் எங்களிடம் ஓடிவிட்டுக் கம்பம் போனது. எங்களிடம் ஈ ஓட்டிய படத்துக்கு அங்கே உட்கார இடமில்லாத கூட்டமாம். இப்போது படம் மறுபடி எங்களிடம் வரப்போகிறது.

"கம்பத்துல கத சொல்ற அந்த ராவுத்தர் அப்படி என்னத்தய்யா சொல்றாரு? போய்ப் பாரும். இந்தத் தடவையும் கூட்டம் வரலைன்னா அவரையே இங்கன கூட்டியாந்துருவேன்" என்றார் முதலாளி.

தேனியிலிருந்து இருபத்து நாலு மைல், பன்னிரண்டு அணா. காலை பத்துக்குக் கிளம்பிய பஸ், சின்னமனூரில் அரைமணி நின்று ஒன்றே காலுக்குச் சேர்ந்தது. இடப்பக்கம் உட்கார்ந்தால் மேகமலை நன்றாகத் தெரியும். எனக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. டிரைவர் வேறு, "ராவுத்தர் கத கேக்கவா போறீக? நான் மூணு தடவ கேட்டுட்டேன்" என்றார். வயிறு எரிந்தது.

ஆறரைக்கு ஆட்டம். பகலில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் ராவுத்தர் திரையோரம் வந்து நின்றார். கரகரத்த தொண்டை. என் குரலில் பாதிகூட இல்லை. இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கொஞ்சம் சந்தோஷப்பட்டேன்.

அந்தப் படத்தில் ரத்தம் குடிக்கும் பிரபு வெள்ளை, கடிபடும் பெண் வெள்ளை, காப்பாற்றுகிறவனும் வெள்ளை. கறுத்த முகம் ஒன்றே ஒன்று, விளக்குப் பிடிக்கும் வேலைக்காரன். இரண்டு நிமிஷம் வந்து முதல் ஆளாகச் சாவான். நான் அவனைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

"இந்தா வாரான் பாருங்க, நம்ம மாயாண்டி! சுருளிப்பட்டிக்காரன். ஆத்தாகிட்ட ஆறு மாசத்துல வாரேன்னு சொல்லிட்டுக் கப்பலேறுனவன்" என்றார் ராவுத்தர்.

மேகமலைத் தோட்டங்களிலிருந்து இறங்கி வந்திருந்த ஜனம் திரையை எட்டி எட்டிப் பார்த்தது. மாயாண்டி செத்ததும் பெண்கள் பக்கம் ஒப்பாரி கிளம்பியது. ஆபரேட்டர் படத்தை நிறுத்தி விளக்கேற்றினார். பத்து நிமிஷம் அழுது முடித்து மூக்கைச் சிந்திய பிறகுதான் மீதிப் படம். தினமும் இதுதான் வழக்கமாம். நானும் அழுதேன். அழுததை நினைக்க நினைக்க ஆத்திரமாக வந்தது.

வெளியே வந்து அவரைப் பிடித்து, அந்த வேலைக்காரனுக்கு எதற்குப் பேரும் ஊரும் என்று கேட்டேன்.

"தொரைய தொர கடிச்சா நமக்கென்னண்ணே? நம்மாளு ஒருத்தன் சாகணும். அப்பத்தேன் காட்டேரி நெசம்" என்றார், ஏதோ ஏலக்காய் விலை சொல்வதுபோல.

படம் மறுபடி தேனிக்கு வந்த முதல் நாளே அவன் பெயரைப் பெருமாள் என்று மாற்றினேன். ஊர் தேனி என்றேன். பெண்கள் பக்கத்தை மறைக்கும் தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து ஓர் அம்மாள் எழுந்துவிட்டாள்.

"ஏலே, பொய் சொல்லாத! அது சுருளிப்பட்டி மாயாண்டி. நாங்க கம்பத்துலயே அழுதுட்டு வந்துருக்கோம்."

கூட்டம் என்னையே பார்த்தது. முதலாளியும் பார்த்தார்.

"ஆமா ஆத்தா, மாயாண்டிதேன்" என்றேன். உடனே ஒப்பாரி எழுந்தது. என் வேலையும் தப்பித்தது.

படம் அடுத்து மறுபடி கம்பம் போகிறதாம். அங்கே பார்க்கிறவர்கள் ஐந்தரைக்கே வரிசையில் நின்றுவிடுங்கள், தரை டிக்கெட் ஓர் அணா. அவ்வளவு தூரம் முடியாதென்றால் இப்போதே தேனிக்கு வாருங்கள். இங்கேயும் கூட்டம் நிறைகிறது, இங்கேயும் பத்து நிமிஷம் அழுகிறார்கள். அத்தனை நேரமும் நான் திரையோரம் வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன். விழுகிற கண்ணீரில் ஒரு சொட்டுக்கூட என் கதைக்கு விழுந்ததில்லை.