நாலாம் மாடிக் கயிற்றில் ஜப்பான்

யாங்கோனில் வீடுகளுக்கு வால் உண்டு. ஊரில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஐந்தாறு மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் கிடையாது, படி செங்குத்தாக ஏறும். அதனால் ஒவ்வொரு வீட்டுக்காரரும் பால்கனியிலிருந்து தெருவரைக்கும் ஒரு கயிற்றைத் தொங்கவிட்டிருப்பார். மேல் நுனியில் சின்ன மணி. கீழ் நுனியில் ஆபீஸில் காகிதக் கட்டைப் பிடித்துவைக்கும் இரும்புக் கிளிப். கீழே நின்று இழுத்தால் மேலே மணி அடிக்கும். கரண்டு இருந்தாலும் அடிக்கும், போனாலும் அடிக்கும். ரொட்டி, மருந்து, கரண்டு பில் எல்லாம் அதில்தான் ஏறும். வந்த புதிதில் சும்மா ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேலிருந்து ஒரு பெரியவர் எட்டிப் பார்த்து என்னவோ கேட்டார். பாஷை தெரியாது, அதனால் சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டுக் கயிற்றில் பணத்தை இறக்கிவிட்டார். எதற்கென்று தெரியாமல் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கடைசியில் வெற்றிலைக் கடைக்காரன் வந்து பணத்தை வாங்கி, இரண்டு மடிப்பு வெற்றிலையை மேலே ஏற்றிவிட்டு, என்னைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனான். அவன்தான் கோ ஞோ. அன்றிலிருந்து பழக்கம். எங்கள் வீட்டுக் கயிற்றில் இந்த வருடம் ஜப்பான் பாஷை ஏறி இறங்கியது. அதைத்தான் எழுதுகிறேன்.

எனக்கு அறந்தாங்கிப் பக்கம். ஆறாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. இங்கே ஒரு கோயிலில் தீமிதித் திருவிழா அன்னதானத்துக்குச் சமையல் கூட்டத்தோடு வந்தேன். கூட்டம் திரும்பிப் போனது. நான் போகவில்லை, கலாவைக் கட்டிக்கொண்டேன். அவள் இந்த ஊரில், மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையிலேயே பிறந்தவள். அவள் பாட்டனார் காலத்தில் ரயில்வே வேலைக்கு வந்த குடும்பம். வீட்டில் கலா, பள்ளிக்கூடத்தில் பர்மாப் பெயர், மா கின். வீடு நாலாம் மாடியில். கீழே நடைபாதையில் என் தோசைக் கடை. பிள்ளை இல்லை. மாமியார் உண்டு.

கலாவுக்கு ஜப்பானுக்குப் போக வேண்டும். அங்கே வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை, கைகோ என்பார்கள். இங்கே தெருவுக்கு ஒரு பெண் அதற்குப் படிக்கிறாள். கலா எழுத்துப் பரீட்சையைத் தாண்டிவிட்டாள். நேர்முகத்தில் விழுந்துவிட்டாள். கேள்வி கேட்டதும் வாய் அடைத்துப்போனது என்றாள். இன்னும் ஒரு தடவை போகலாம். அதிலும் விழுந்தால் வயது தாண்டிவிடும், எடுக்க மாட்டார்கள். போ என்றும் நான் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அட்டை வெட்டிக் கொடுத்தேன்.

டீமிக்ஸ் தூள் வரும் அட்டைப் பெட்டிகளைச் சீட்டுக்கட்டு அளவில் வெட்டினேன். ஒரு பக்கம் அவள் பர்மா எழுத்தில் அர்த்தம் எழுதினாள். மறு பக்கம் அவள் சொல்லச் சொல்ல ஜப்பான் சத்தத்தை நான் தமிழில் எழுதினேன். எனக்கு வாசிக்க வருகிற எழுத்து அது ஒன்றுதான். உடம்பு ஒரு கட்டு, வீட்டுச் சாமான் ஒரு கட்டு, நேரம் காலம் ஒரு கட்டு, சாப்பாடு ஒரு கட்டு. ஒவ்வொன்றுக்கும் ரப்பர் பேண்டு. விடிந்ததிலிருந்து நான் அடுப்பை விட்டு நகர முடியாது. அவளுக்கு மதியம் வகுப்பு. ஆகவே பாடத்தைக் கயிற்றில் வைத்துக்கொண்டோம். கீழிருந்து நான் ஓர் அட்டையைக் கிளிப்பில் மாட்டி இழுப்பேன். மாமியார் கயிற்றை மேலே வாங்கி, பின்பக்கம் தெரியாமல் அட்டையைப் பிடித்துக் காட்டுவார். கலா பால்கனியிலிருந்து ஜப்பானில் பதில் சொல்லுவாள். தெருவில் பஸ் ஹாரன், சந்தை இரைச்சல், யார் வீட்டிலோ ஜெனரேட்டர். இவற்றையெல்லாம் தாண்டி எனக்குக் கேட்க வேண்டும். அதனால் கத்துவாள். சரியென்றால் கரண்டியால் கல்லைத் தட்டுவேன். தப்பென்றால் தட்ட மாட்டேன்.

பிரமாதமாகப் போனது. “அதாமா” என்பாள், தலை. “மே” என்பாள், கண். காது, மூக்கு, கழுத்து என்று இறங்கிக்கொண்டே போவாள். அட்டை மூன்றாம் மாடியைத் தாண்டும் முன்பே பதில் வந்துவிடும். நாங்கள் இதைக் கெட்டிக்காரத்தனம் என்றே நினைத்தோம். மாமியார் தெருவுக்கே கேட்கிற மாதிரி பெருமைப்பட்டார். தெருக்காரர்கள் இதைத் தமிழ் மந்திரம் என்று நினைத்துக்கொண்டார்கள். கலா கத்த ஆரம்பித்ததும் கோ ஞோ தன் கடையில் பாட்டை நிறுத்திவிடுவான். ஒருநாள் பக்கத்தில் வந்து, பணிவாகக் கேட்டான்.

“அகோ, பிள்ளை வரமா?”

அகோ என்றால் அண்ணன். இல்லை, ஜப்பான் என்றேன். ஜப்பானில் என்ன சாமி என்று கேட்டான். தோசை கருகிக்கொண்டிருந்தது. பிறகு சொல்கிறேன் என்றேன். மறுநாள் கலா கத்தி முடித்ததும் எங்கள் வீட்டுக் கயிற்றில் கொஞ்சம் பூ மாட்டி அனுப்பினான்.

நானும் இப்படிப் படித்தவன்தான். எங்கள் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாட்டை மொத்த வகுப்பும் சேர்ந்து பாடும். நல்ல சத்தமாக, தலையை ஆட்டிக்கொண்டு. ஏழாம் வாய்ப்பாடு எனக்குத் தலைகீழாகத் தெரியும் என்று வாத்தியார் மெச்சினார். ஒருநாள் இன்ஸ்பெக்டர் வந்தார். என்னை எழுப்பி, ஏழெட்டு எத்தனை என்றார். நான் ஓரேழு ஏழிலிருந்து கிளம்பினேன். ஐயேழு வரும்போது அவர் அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார். நான் பாடி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

கலாவுக்கும் அதேதான் நடந்தது. அவள் வகுப்பு தாமுவே பேட்டையில். டீச்சரை இங்கே சயாமா என்பார்கள். நேர்முகத்துக்கு ஒத்திகை பார்க்க, சயாமா ஒரு ஜப்பான் பாட்டி மாதிரி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாராம். முழங்காலைப் பிடித்துக்கொண்டு “இத்தாய்” என்று முனகினாராம். வலிக்கிறது என்று அர்த்தம். எங்கே வலிக்கிறது, முழங்காலா என்று கலா கேட்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. கலா தலையிலிருந்து ஆரம்பித்திருக்கிறாள். அதாமா, மே என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே இறங்கியிருக்கிறாள். சயாமா முனகிக்கொண்டே காத்திருந்திருக்கிறார். கலா இடுப்புக்கு வரும்போது நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாராம்.

“மா கின், நீ முழங்காலுக்கு வந்து சேர்றதுக்குள்ள நான் செத்துப்போயிருவேன்.”

வகுப்பே சிரித்தது. வீட்டுக்கு வந்து சொல்லும்போது கலா சிரிக்கவில்லை. சயாமா ஒன்றுதான் சொல்லி அனுப்பியிருந்தார். ரப்பர் பேண்டை எல்லாம் கழற்று. எல்லாக் கட்டையும் ஒன்றாகக் கலக்கு. முழங்காலுக்கு அடுத்து ‘நாளைக்கழித்து’ வரட்டும், அதற்கு அடுத்து தலையணை வரட்டும். கஷ்டமாகத்தான் இருக்கும், கஷ்டமாக இருந்தால்தான் நிற்கும்.

கலக்கினேன். எல்லாம் போனது. முதல் நாள் காலையில் பத்துக்கு இரண்டு தேறவில்லை. அட்டை மேலே போய்ச் சேரும், பதில் வராது. தெருவே அண்ணாந்து பார்க்கும். போதாததற்கு எனக்கு வியாபார நேரம். ஒரு தடவை மசால் தோசைப் பொட்டலத்தோடு ஓர் அட்டையை வேறு வீட்டுக் கயிற்றில் மாட்டிவிட்டேன். மூன்றாம் மாடியில் ஓய்வுபெற்ற கிளார்க் ஒருவர். அவருக்குச் சாம்பாரோடு ‘கழிப்பறைக்குப் போக வேண்டுமா’ என்று சீட்டுப் போனது. அவர் எட்டிப் பார்த்து, இன்னும் சாப்பிடவே இல்லையே என்றார்.

மூன்றாம் நாள் மேலே இருந்து பதிலுக்குப் பதில் அட்டையே வந்து விழுந்தது. கலா எறிந்திருந்தாள். படியேறிப் போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

“தெரிஞ்சதும் மறந்துபோச்சுங்க. கட்டுக் கட்டா வச்சிருந்தப்ப நான் ராணி. இப்ப ஒண்ணுந் தெரியாத முண்டம்.”

மாமியார் சொன்னார். “பழையபடி கட்டுப் போட்டுக் குடுங்க மாப்ள. புள்ள அழுவுது.”

யோசித்தேன். நான் இந்த ஊருக்கு வந்து பர்மாப் பேச்சுக் கற்றது எப்படி என்று நினைத்துப் பார்த்தேன். யாரும் வரிசையாகச் சொல்லிக் கொடுக்கவில்லை. முதலில் சோறு. அப்புறம் பரவாயில்லை. அப்புறம் ஒரு கெட்ட வார்த்தை, கோ ஞோ உபயம். அப்புறம் கடுகு. இன்றைக்கும் கிழமைகளைப் பர்மாவில் வரிசையாகச் சொல் என்றால் எனக்கு வராது. ஆனால் தெருவில் யாராவது செவ்வாய் என்றால் எனக்குத் தெரியும், முட்டை வண்டி வரும் நாள். தப்பாகச் சொல்லி, சிரிப்பு வாங்கி, நாலு நாள் கழித்து அதே வார்த்தையில் திரும்பவும் மாட்டி, அப்படித்தான் வந்தது. இவ்வளவையும் அவளிடம் பேசவில்லை. எறிந்த அட்டையைக் கட்டுக்குள் நடுவில் செருகினேன். “சயாமா படிச்சவங்க” என்றேன். கீழே போய் அடுத்த அட்டையை மாட்டினேன். கொஞ்ச நேரம் கயிறு அசையவில்லை. அப்புறம் ஏறியது.

மெதுவாகத்தான் வந்தது. இன்று தெரிந்தது நாளை மறக்கும், இரண்டு நாள் கழித்துத் தானாக வரும். மாமியார் கயிற்றைப் பிடித்துப் பிடித்துக் கையில் துணி சுற்றிக்கொண்டார். தெருவும் மாறிவிட்டது. இது மந்திரம் இல்லை என்று தெரிந்ததும் கோ ஞோவுக்குத் துணிச்சல் வந்தது. அட்டையில் இருக்கும் பர்மா வார்த்தையை நான் மாட்டும்போதே படித்துவிட்டு, கலாவுக்கு முன்னால் பதில் கத்துவான். தலையணை அவனுக்கு வந்துவிட்டது. மருந்து வந்துவிட்டது. கலாவுக்கு ஆத்திரம் தாங்காது. “வெத்தில மடிக்கிறவனுக்குத் தெரியுது எனக்குத் தெரியல” என்று மேலேயிருந்து அவனைத் திட்டுவாள். அந்தக் கோபத்தில் அடுத்த வார்த்தை சரியாக வரும். நான் கல்லைத் தட்டுவேன். ஒரு வாரத்தில், தட்டும் சத்தம் பழையபடி நெருக்கமாகக் கேட்டது. ஆனால் இப்போது அட்டை மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான் பதில் வந்தது. பார்த்துச் சொன்னாள்.

நேர்முகத்துக்கு முந்தின நாள் மாமியார் கீழே இறங்கி வந்தார். அவர் சாமானியமாக இறங்க மாட்டார், மூட்டு வலி. ஸ்டூலில் உட்கார்ந்து, மாவுச் சட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“அவ போயிட்டா, நீங்க ஊருக்குப் போயிருவீகளா மாப்ள?”

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. அவளுக்காக இந்த ஊரில் இருந்தவன். அவளே வேறு ஊர் போனால் நான் இங்கே யார். அறந்தாங்கியில் அண்ணன் இருக்கிறான், போனால் சோறு போடுவான், எப்போது திரும்பப் போகிறாய் என்றும் கேட்பான். மாமியாருக்கு ஒரு தோசை ஊற்றிக் கொடுத்தேன். சாப்பிட்டார். உப்புக் கம்மி என்றார்.

நேர்முகம் வகுப்பு நடக்கும் அந்தத் தாமுவே ஆபீஸிலேயே நடந்தது. கம்ப்யூட்டர் திரையில் ஜப்பான்காரர்கள் இரண்டு பேர், ஓர் ஆள் ஓர் அம்மா. நான் கீழே டீக்கடையில் இருந்தேன். மேலே ஜன்னல் திறந்திருந்தது. திடீரென்று கலாவின் குரல் தெருவில் இறங்கியது. முழங்கால், நாளைக்கழித்து, மருந்து சாப்பிட்டீர்களா. எல்லாம் நாலாம் மாடிச் சத்தம். டீக்கடையில் கப்பைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. இத்தனை நாளும் அவள் ஜப்பான் பாஷையைக் கத்தித்தான் பேசியிருக்கிறாள். மெதுவாகச் சொல்ல அவளுக்கு அந்தப் பாஷை தெரியாது. அதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை, சயாமாவும் யோசிக்கவில்லை. கையிலிருந்த டீயைக் குடித்து முடித்தேன். போச்சு என்று நினைத்தேன். கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

கலா முகம் வெளிறி இறங்கி வந்தாள். மாற்றி மாற்றிக் கேட்டார்கள் என்றாள். ஒன்றுகூட விடவில்லை என்றாள். முதல் பதிலுக்கே அந்த ஆள் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டானாம். சயாமா பக்கத்தில் நின்று கையால் அமுக்கி அமுக்கிக் காட்டினாராம், மெதுவாக, மெதுவாக என்று. குறைத்துப் பேசினால் வார்த்தை வரவில்லை. மறுபடி கத்தியிருக்கிறாள். கடைசியில் அந்த அம்மா ஏதோ சொல்ல, சயாமா சிரித்துவிட்டாராம். என்ன சொன்னார் என்று கேட்டேன்.

“எங்க இல்லத்துல பாதிப் பேருக்குக் காது கேக்காது, இந்தப் பொண்ணுதான் வேணும்னு சொன்னாகளாம்.”

பஸ் வரும்வரை நின்றோம். அவள் என் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லது என்றேன்.

அவள் போய் இப்போது குளிர்காலம் வந்துவிட்டது, அங்கே. இங்கே வெயில். நான் ஊருக்குப் போகவில்லை. முடிவு என்று ஒன்றும் எடுக்கவில்லை. காலையில் எழுந்தால் மாவு புளித்திருக்கிறது, சுட வேண்டியிருக்கிறது. மாமியார் மேலேயிருந்து உப்பைப் பற்றிச் சொல்லி அனுப்புகிறார். அண்ணன் போன் செய்யும்போதெல்லாம், பெண்டாட்டி ஜப்பானில், நீ பர்மாவில், உன் ரேஷன் கார்டு அறந்தாங்கியில் என்று சிரிக்கிறான்.

போன வாரம் கலா வீடியோவில் வந்தாள். பின்னால் பெரிய கண்ணாடி ஜன்னல், வெளியே வெள்ளையாக என்னவோ கொட்டிக்கொண்டிருந்தது. சக்கர நாற்காலியில் ஒரு பாட்டியம்மா நடுவில் தலையை நீட்டி என்னைப் பார்த்தார். இவர் யார் என்று கேட்டார், கலா அவர் காதில் கத்திச் சொன்னாள். பாட்டியம்மா என்னிடம் நேராகவே கேட்டார். “ஒகுனி வா தோக்கோ?” உங்கள் நாடு எங்கே என்று அர்த்தம். எனக்குப் புரிந்தது. புரிந்ததே எனக்கு ஆச்சரியம். வாயைத் திறந்தேன். எந்த ஊர்ப் பெயரும் வரவில்லை. மாமியார் பக்கத்தில் நின்று என் வாயையே பார்த்தார். கடைசியில் “கோக்கோ” என்றேன். இங்கே என்று அர்த்தம். சொல்லிக்கொண்டே விரலை நீட்டினேன். தரையைக் காட்டத்தான் நினைத்தேன். விரல் போனின் மேல் போய் நின்று கேமராவை மறைத்துவிட்டது.

“கரண்டு போயிருச்சாங்க?” என்றாள் கலா.

பாட்டியம்மா அந்த இருட்டைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு மரியாதையாகத் தலையை அசைத்து, நல்ல ஊர் என்றார்.